ஞாயிற்றுக்கிழமைக் கறியும் திங்கட்கிழமைக் கிழங்கும்: கங்கைகொண்டான் வட்டாரத்தில் ஷெப்பர்ட்ஸ் பை சமைத்தல் பற்றிய ஓர் ஆய்வு

பாயிரம்

ஷெப்பர்ட்ஸ் பை என்பது, கொத்திய ஆட்டுக்கறியை வெங்காயமும் சாறும் சேர்த்து வேகவைத்து, அகன்ற தட்டம் ஒன்றின் அடியில் பரப்பி, அதன்மேல் மசித்த உருளைக்கிழங்கை மூடி, மேற்புறம் பொன்னிறமாகும்வரை அனலில் வைத்தெடுக்கும் பிரிட்டன் நாட்டு வீட்டுப் பண்டமாகும். திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரைக்குச் செல்லும் நான்குவழிச் சாலையை ஒட்டி அமைந்த கங்கைகொண்டானில் இப்பண்டம் இதுகாறும் ஏன் வேரூன்றவில்லை என்பதையும், வேரூன்றச் செய்யவேண்டுமாயின் எவ்வெவற்றைக் கருதவேண்டும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வூர்ப் பக்கத்தில் ஆடு மேய்ப்போர் உண்டு, ஆடு உண்டு, சந்தையில் கிழங்கு உண்டு, அனலோ சித்திரையில் கேட்காமலே உண்டு. இத்தனையும் ஓரிடத்தில் கூடியிருந்தும் பண்டம் மட்டும் தோன்றாமற்போனதற்கு ஆழ்ந்த காரணம் ஒன்று இருந்தே தீரவேண்டும்.

நூல் எதுவாயினும் பாயிரம் இன்றியமையாதது என்பது நன்னூலார் காலத்திலிருந்து வரும் மரபாதலின், எல்லை முதலியவற்றை முதற்கண் வரையறுப்பது முறையாகும். இவ்வாய்வின் எல்லை வடக்கே கயத்தாறு, தெற்கே தாமிரபரணி, கிழக்கே சீவலப்பேரி, மேற்கே மானூர். நுதலிய பொருள் மேற்கூறிய பண்டம். கேட்போர், பசியுள்ளோர். பயன், திங்கட்கிழமை இரவு உணவு. ஆராயும் நெறி, தொல்காப்பியம் அகப்பொருளுக்கு வகுத்த முதல், கரு, உரி என்னும் மூவகைப் பகுப்பு; ஆயர் வாழ்வை முல்லை என ஒரு திணையாகவே வைத்துப் பேசிய இலக்கணம் கையில் இருக்க, ஆயர் பெயர் தாங்கிய ஓர் உணவை வேறு கருவி கொண்டு அளப்பது தகாது.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

முதற்பொருள் என்பது ஒன்று நிகழ்தற்குரிய நிலமும் பொழுதும் ஆகும். முல்லைக்கு நிலம் காடும் காடு சார்ந்த மேய்ச்சலிடமும்; பெரும்பொழுது கார்காலம்; சிறுபொழுது மாலை. கங்கைகொண்டானோ ஒரு திணைக்குள் அடங்காத ஊர். சிற்றாறு இப்பக்கமாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலப்பதால் ஒருபுறம் நெல் விளையும் மருதமாகவும், கயத்தாற்றை நோக்கி நகர நகர மானாவாரிக் கரிசலும் முள்மரமும் மிகுவதால் மறுபுறம் முல்லை திரிந்த பாலையாகவும், சிப்காட் தொழில் வளாகத்தில் டயரும் குளிர்பானமும் சூரிய மின்தகடும் உற்பத்தியாவதால் இடையில் பழைய இலக்கணிகள் பெயரிடாத ஆறாவது திணையாகவும் இது விளங்குகிறது. இத்தகைய திணைமயக்கத்தில் அயல்நாட்டுப் பண்டம் ஒன்று நுழைவது மரபுக்கு மாறானதன்று.

முல்லையின் விலங்குகளுள் மானும் ஒன்றாகையாலும், கங்கைகொண்டானில் 2013ஆம் ஆண்டு முதல் புள்ளிமான் சரணாலயம் ஒன்று இருந்துவருவதாலும், கறிக்கு மானைக் கொள்ளலாமோ என்றொரு ஐயம் எழக்கூடும். எழுந்த இடத்திலேயே அதை அடக்கிக்கொள்வது நல்லது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவ்வையத்தைச் சிறை என்னும் சொல்லால் தீர்த்துவைத்திருக்கிறது.

இனிப் பொழுது. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை பெரிய இறைச்சித் துண்டு ஒன்றை முழுதாக வாட்டி வீட்டார் அனைவரும் கூடி உண்பதும், மறுநாளாகிய திங்கள் துணி வெளுக்கும் நாளாக இருந்தமையால் அடுப்படியில் நெடுநேரம் நிற்க ஒழியாத இல்லத்தரசி, முந்தைய நாள் மீந்த இறைச்சியைக் கொத்திக் கிழங்கால் மூடிச் சூடாக்கி வைப்பதும் நெடுங்கால வழக்கம். கிழங்கு மூடிய இப்பண்டத்துக்குக் காட்டேஜ் பை என்னும் பெயர் 1791ஆம் ஆண்டளவிலேயே எழுத்தில் காணப்படுகிறது. ஷெப்பர்ட்ஸ் பை என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சேறியது. கைப்பிடியைச் சுழற்றிக் கறி அரைக்கும் பொறி அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வீடுகளுக்குள் வந்தபின் இது நாடெங்கும் பரவியது. மாட்டிறைச்சியாயின் முதற்பெயர், ஆட்டிறைச்சியாயின் இரண்டாம் பெயர் என்னும் பிரிவினை பிற்காலத்தார் வகுத்தது. ஆக, இப்பண்டத்தின் பிறப்பிடம் மேய்ச்சல் நிலமன்று, திங்கட்கிழமை. அதன் தாய்ப்பொருள் ஆடுகூட அன்று, மீதம். இவ்வுண்மையை ஆய்வின் அச்சாணியாகக் கொள்ளவேண்டும்.

ஒரு வரலாற்று மயக்கமும் அதன் மறுப்பும்

நெல்லைச் சீமைக்கு இப்பண்டம் கால்டுவெல் வழியாக வந்திருக்கலாமே என்று துணிவோர் இருக்கக்கூடும். துணிவுக்கு ஆதாரங்கள் கவர்ச்சியானவை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட அவர், உருளைக்கிழங்கே உணவாக வாழ்ந்த அயர்லாந்தில் 1814இல் பிறந்தவர். ஆடு மிகுந்த ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர். 1841 முதல் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்ததோ இடையன்குடி என்னும் ஊரில். கிழங்கும் ஆடும் இடையரும் ஒருவர் வாழ்க்கையில் இவ்வாறு வரிசையாக வந்து நிற்கக் கண்ட ஆய்வாளர் கைகள் நடுங்குவது இயல்பே.

அற்றேல், கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. என்னை காரணம் எனின், அவர் கப்பலேறி 1838 தொடக்கத்தில் சென்னையில் வந்திறங்கியபோது ஷெப்பர்ட்ஸ் பை என்னும் பெயர் அச்சேறவே இல்லை. தாய்நாட்டில் அப்பெயர் பெறாத பண்டத்தை ஒருவர் அப்பெயரோடு கடல் கடந்து கொண்டுவந்தார் என்பது காலமுரண். அன்றியும் இடையன்குடி பனையும் செம்மண் தேரியும் சூழ்ந்த தென்கோடி. அங்கு எளிதாகக் கிடைத்தது கருப்புக்கட்டியேயன்றிக் கிழங்கன்று. எனவே இக்கருதுகோள் இத்துடன் கைவிடப்படுகிறது.

தமிழகத்தில் இப்பண்டத்தை உண்மையில் பேணி வந்தோர், பெரம்பூரிலும் திருச்சி பொன்மலையிலும் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியரே. அவர்கள் இதை மேசையில் வைத்ததோடு நில்லாமல், மேலே மட்டும் இருந்த கிழங்கைக் கறியைச் சுற்றிலும் மூடவைத்துப் பொட்டேட்டோ சாப் என்னும் கிளைப்பண்டம் ஒன்றையும் வளர்த்தார்கள். மசித்த கிழங்கை உள்ளங்கையில் கிண்ணமாக்கி, கொத்துக்கறியை நடுவில் வைத்து மூடி, முட்டையில் தோய்த்து ரொட்டித்தூளில் புரட்டித் தவாவில் பொரித்தெடுப்பது அது. ஓவன் இல்லாத வீட்டில் அனலின் வேலையை எண்ணெய்க்கு ஒப்படைத்த இந்த ஏற்பாடு, ஆய்வுலகம் போதிய அளவு பாராட்டாத அறிவுச் செயலாகும்.

கருப்பொருள்: ஆடு, கிழங்கு, புளி

கருப்பொருள் என்பது நிலத்தில் தோன்றும் பொருள்களைக் குறிக்கும். இவற்றுள் ஆடே தலையாயது. கங்கைகொண்டானுக்கு வடகிழக்கே விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கத்துக் கரிசலில் வெண்ணிற உடலில் செம்புள்ளிகள் படர்ந்த வேம்பூர்ச் செம்மறியும், தென்மாவட்டங்களில் பரவலாகக் கீழக்கரிசல் செம்மறியும், கறுத்த உடலும் முகத்தில் வெண்கோடும் கொண்ட கன்னி வெள்ளாடும் வளர்க்கப்படுகின்றன. செம்மறிகள் இரண்டும் கம்பளி தராத, மயிர் மட்டுமே உடைய இனங்கள். ஆகவே இங்கு ஆடு வளர்ப்பதன் நோக்கம் குளிருக்குப் போர்த்துவதன்று என்பது தெளிவு.

இப்பண்டத்துக்குச் செம்மறியா வெள்ளாடா என்பது பெரிய வழக்கு. பிரிட்டானிய மரபினர் செம்மறியன்றி வேறொன்றை ஏற்கார். நெல்லைக் கறிக்கடைக்கு முன் நிற்போரோ வெள்ளாட்டங்கறிதானா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டு, தொடையையும் வாலையும் பார்த்து உறுதிசெய்துகொண்ட பின்னரே பணத்தை எடுப்பர். செம்மறியில் கொழுப்பு மிகுதி. அக்கொழுப்பை மேலிருக்கும் கிழங்கு உறிஞ்சிக்கொள்வதால் இலக்கண முறைப்படி அதுவே ஏற்றது. ஆயினும் இவ்வட்டாரத்து மேய்ப்பர் பலர் இரண்டையும் ஒரே மந்தையில் ஓட்டிச்செல்வதால், மேய்ச்சல் நிலத்தில் தோன்றாத பகையை அடுக்களையில் மூட்டுவது முறையன்று. எதுவும் ஆகும் என்பதே துணிபு.

இங்கே ஒரு மானுடவியல் உண்மையைச் சுட்டவேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் அறுவடை முடிந்தபின் வயல்களில் ஆட்டுக்கிடை போடப்படுகிறது. கிடை என்பது, உரத்துக்காக நூற்றுக்கணக்கான ஆடுகளை இரவில் ஒருவர் வயலில் அடைத்து வைப்பதும் அதற்குக் கூலியாக நெல்லோ பணமோ பெறுவதுமாகிய ஏற்பாடு. கிடைக்காரர் தொரட்டியும் தூக்குச்சட்டியும் கொண்டு ஊர் ஊராக நகர்பவர். அவர் சட்டியில் இருப்பது பெரும்பாலும் கஞ்சியும் துவையலும். ஆடு அவருக்கு முதலீடு, மகள் கல்யாணம், மருத்துவச் செலவு; கொத்தித் தின்பதற்குரியதன்று. ஆகவே ஆட்டிடையர் பெயரால் வழங்கும் இவ்வுணவை உண்பதற்கு ஆட்டிடையராக இல்லாதிருத்தல் நலம் என்னும் முரண் பெறப்படுகிறது.

அடுத்துக் கிழங்கு. ஆண்டிஸ் மலையில் தித்திகாகா ஏரிப் பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராகத் தொடங்கிய உருளைக்கிழங்கு, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவையும் பின்னர்ப் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவையும் அடைந்தது. பிரான்சில் அது தொழுநோய் தரும் என அஞ்சப்பட்டிருந்த காலத்தில், ஏழாண்டுப் போரில் பிரஷ்யரிடம் சிறைப்பட்டுச் சிறையில் கிழங்கையே உண்டு நலமாகத் திரும்பிய பார்மான்டியே என்னும் மருந்தாளர் அதற்காக வாதாடி வென்றார்; கொத்துக்கறிமேல் கிழங்கு மூடிய பிரெஞ்சுப் பண்டம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. தமிழகத்தில் 1820களில் நீலகிரியில் ஜான் சல்லிவன் அதைப் பயிரிடச் செய்தார். நீலகிரிக் கிழங்கு மேட்டுப்பாளையம் ஏலத்தில் கைமாறித் திருநெல்வேலி நயினார்குளம் சந்தைக்கு வந்து கங்கைகொண்டானை எட்டுகிறது.

நெல்லைச் சீமையில் உருளைக்கிழங்குக்கு ஏற்கெனவே ஓர் உயர்ந்த இடம் உண்டு. மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பாலில் மிதக்கும் சொதியிலும், எலுமிச்சை பிழிந்த பொடிமாசிலும் அது சைவ உணவின் தூணாக நிற்கிறது. அத்தகைய கிழங்கை ஆட்டுக்கறியின் தலைமேல் பரப்புவது சமய நல்லிணக்கம் சார்ந்த செயலாதலின், வீட்டில் பாட்டி இருப்பின் முன்னரே தெரிவித்துவிடுவது நன்று.

மூன்றாவது, இப்பண்டத்தில் பிரிட்டானியர் தவறாது தெளிக்கும் வூஸ்டர்ஷயர் சாஸ். 1837 முதல் புட்டியில் விற்கப்படும் இச்சாற்றின் உறுப்புகளாவன காடி, வெல்லப்பாகு, வெங்காயம், பூண்டு, நெத்திலி வகை மீன், புளி. அஃதாவது, கயத்தாற்றுச் சாலையோரப் புளியும் தூத்துக்குடி நெத்திலிக் கருவாடும் உடன்குடிக் கருப்பட்டியும் ஒரு புட்டிக்குள் நெடுநாள் அமைதியாக இருந்தால் விளைவது ஏறத்தாழ எதுவோ, அதுவே அது. கங்கைகொண்டான் இல்லங்களில் இச்சாறு இல்லை என்பது குறையன்று. அதன் உறுப்புகள் ஒன்றையொன்று இன்னும் சந்திக்கவில்லை என்பதே சரி.

உரிப்பொருள்: இருத்தல்

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், அஃதாவது பிரிந்து சென்ற தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருத்தல். இப்பண்டத்தின் செய்முறை முழுவதும் இருத்தலே என்பது ஆராய்ந்தார்க்குப் புலனாகும். நால்வருக்கு அரைக் கிலோ கொத்துக்கறியும் முக்கால் கிலோ கிழங்கும் அளவு. பல்லாரி இரண்டையும் காரட் ஒன்றையும் பொடியாக அரிந்து வதக்கி, கறியைச் சேர்த்து அதன் நீர் வற்றிச் சிவக்கும்வரை கிளறி, ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, எலும்புச் சாறு ஊற்றி, உப்பும் மிளகும் இட்டு, கறி மிருதுவாகிச் சாறு கெட்டிப்படும்வரை சிறுதீயில் வைக்கவேண்டும். இது முதல் இருத்தல். கறி ஈரமாக இருக்கவேண்டும், ஆனால் ஓடக்கூடாது. ஓடுமாயின் பின்னர் கிழங்கைப் பிளந்துகொண்டு மேலே கொதித்து எழும்.

கறி ஆறும்வரை காத்தல் இரண்டாம் இருத்தல். சூடான கறிமேல் பரப்பப்படும் கிழங்கு உள்ளே அமிழ்ந்துபோம். கிழங்கை வேகவைத்து வடித்தபின் அதன் ஆவி அடங்கும்வரை விட்டு, 50 கிராம் வெண்ணெயும் சிறிது சூடான பாலும் சேர்த்துக் கையாலோ மத்தாலோ மசித்தல் வேண்டும். மிக்சியில் இடுவது கடியப்பட்டது. கத்தி சுழலும் வேகத்தில் கிழங்கின் உயிரணுக்கள் உடைந்து மாவுச்சத்து வெளிப்பட்டுப் பசையாகிவிடும் என்பதும், அப்பசை தேர்தல் சுவரொட்டிக்கு ஏற்றதேயன்றி உணவுக்கு ஏற்றதன்று என்பதும் காரணங்கள். பரப்பிய கிழங்கின்மேல் முள்கரண்டியால் உழவுச்சால் இடவேண்டும். மேடுகள் அனலுக்கு மிகுதியான பரப்பைக் காட்டி முதலில் சிவக்கும்.

இனி அனல். கிழங்கின் மேற்புறம் சிவப்பது, புரதமும் சர்க்கரையும் ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்கு மேல் வினைபுரிவதால். 200 பாகையில் ஓவனில் அரைமணி நேரம் வைத்தால் இது கைகூடும். மைக்ரோவேவ் அடுப்பு பொருளிலுள்ள நீரைச் சூடாக்குவதால் நீரின் கொதிநிலையைத் தாண்டாது வெளுத்த முகத்தோடு திருப்பியனுப்பும். குக்கரில் உப்பைப் பரப்பி மூடிக் கேக் சுடும் வீட்டு முறை அடிப்புறத்தைத்தான் சிவக்கவைக்கும். ஆகவே ஓவன் இல்லாதார்க்கு ஏற்ற வழி, பிரியாணிக்குத் தம் போடுவோர் அறிந்ததாகிய மேல்தீ; கனத்த இரும்புச் சட்டியைத் தட்டை மூடியால் மூடி, மூடியின்மேல் கனிந்த கரியை நிரப்பி அரைமணிப்பொழுது விடுதல். இக்கரிக்குச் சீமைக் கருவேலம் ஏற்றது. அதன் நெற்றைத் தின்று கொழுத்த ஆட்டை அதே மரத்தின் கரியால் சிவக்கவைத்தல், ஊர் முழுவதும் திட்டித் தீர்க்கும் அம்மரத்துக்கு ஒரு பாவமன்னிப்பாகவும் அமையும். இறக்கியபின் பத்து நிமிடம் தொடாதிருத்தல் மூன்றாம் இருத்தல். தலைவியரும் ஆற்றாது கலங்கும் இடம் இது.

மீதச் சிக்கல்

நிலமும் பொழுதும் கருவும் உரியும் இவ்வாறு பொருந்தியிருந்தும் பண்டம் தோன்றாமை ஏன்? முன்னர் நிறுவிய அச்சாணிக்கு இப்போது திரும்பவேண்டும். இதன் தாய்ப்பொருள் மீதம். கங்கைகொண்டானில் ஒரு கிலோ கறி எடுக்கும் வீட்டின் ஞாயிற்றுக்கிழமையை வரிசைப்படுத்தினால், காலையில் குழம்பு கொதிக்கையில் உப்புப் பார்த்தல், வெந்ததா என்று பார்த்தல், வெந்ததை உறுதிசெய்தல் ஆகிய மூன்றிலும் ஒரு பங்கு. நண்பகல் சோற்றுக்கும் சுக்காவுக்கும் பெரும்பங்கு. குழம்பு வாசனையைத் தொடர்ந்து தற்செயலாக வந்த சித்தப்பாவுக்கு ஒரு பங்கு. பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் ஒரு பங்கு. இரவுத் தோசைக்கு எஞ்சியது. திங்கள் காலை இட்லிக்கு அடுப்பில் சுண்டிக்கொண்டிருப்பது குழம்பு மட்டுமே. அதில் கறித்துண்டு கண்டெடுப்பவர் வீட்டில் போற்றப்படுவார்.

மீந்தாலும் இடர் தீர்ந்ததன்று. திங்கள் சிவனுக்கு, செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு, புரட்டாசி பெருமாளுக்கு, கார்த்திகை ஐயப்பனுக்கு எனப் பல வீடுகளில் நாள்கள் ஒதுக்கப்பட்டிருப்பதால், மீதம் உண்பதற்குரிய முகூர்த்தம் அரிது. பாளையங்கோட்டையிலிருந்து பரவிய கிறித்தவக் குடும்பங்களுக்குத் திங்கட்கிழமைத் தடை இல்லை. ஆராதனை முடிந்து வருவோரின் பசி காரணமாக அங்கும் மீதம் இல்லை. சமயம் எதுவாயினும் சட்டி காலி என்பதே கள நிலை.

விதிவிலக்கு ஒன்றுண்டு. சீவலப்பேரி முதலான ஊர்களில் சுடலைமாடனுக்குக் கொடை நிகழும்போது கிடாக்கள் பலியிடப்பட்டுக் கறி பங்கு பங்காக வீடுவந்து சேரும். வாங்காமலே வந்த கறியாதலின் வீட்டார் தின்னும் அளவை அது மிஞ்சக்கூடும். ஆகவே இங்கிலாந்தின் திங்கட்கிழமைக்கு நெல்லைச் சீமையில் நேரானது கொடை முடிந்த மறுநாள் என்பது இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. ஆயினும் கொடை ஆண்டுக்கொருமுறை வருவது. ஓர் உணவுமரபை அதன்மேல் மட்டும் நிறுத்த இயலாது.

முடிபு

கங்கைகொண்டானில் ஷெப்பர்ட்ஸ் பை தோன்றாமைக்குக் காரணம் ஓவன் இல்லாமையன்று, சாஸ் இல்லாமையன்று, ஆடு எவ்வினம் என்னும் வழக்குமன்று. ஞாயிற்றுக்கிழமைக் கறி திங்கட்கிழமையைக் காணாமையே. புதுக்கறியில் செய்தாலும் சுவை குன்றாது என்பாரும் உளர். குன்றாதுதான், ஆனால் மீதமில்லாமல் செய்த பண்டம் வெறும் விருந்தாகிவிடுமேயன்றி இலக்கணம் நிரம்பாது. எனவே இப்பண்டத்தை முறைப்படி சமைக்க விரும்புவோர், ஞாயிறு காலை வழக்கமான அளவுக்கு மேல் அரைக் கிலோ கொத்துக்கறி எடுத்து, அன்றே வேகவைத்து, தனிப் பாத்திரத்தில் இட்டு, குளிர்பெட்டியின் அடித்தட்டில் கீரைக்கட்டுக்குப் பின்னால் வைத்து, மறுநாள் மாலைவரை அதுபற்றி வீட்டில் எவரிடமும் வாய்திறவாதிருக்கக் கடவர்.